திறந்து பார்க்கும் வேலை

ஒரு வீட்டுக்குள் போனதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று யாராவது கேட்டால் அவள் யோசிக்காமல் ஃப்ரிட்ஜ் என்று சொல்வாள். அதற்கு அடுத்தது குழந்தை படுக்கும் இடம். மற்றதெல்லாம் பேச்சு. பேச்சை யார் வேண்டுமானாலும் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், ஃப்ரிட்ஜை அப்படித் தயார் செய்ய முடியாது என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவள் கள அலுவலர். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு குழந்தையைப் பற்றிக் கவலைப்பட்டு அலுவலகத்துக்குச் சொன்னால் அந்த வீட்டுப் படி ஏறுவது அவள்தான். டீச்சரால் வீட்டுக்குள் போக முடியாது. சுகாதார நர்ஸ் தன்னிடம் கொண்டுவரப்படும் குழந்தையைத்தான் பார்ப்பார். போலீஸ் போனால் தெருவே கூடிவிடும். அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து அவள் கண்கள் போய்விட்டு வந்தன. வியாழக்கிழமை நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும்போது, அவள் பார்த்தேன் என்று சொன்னதன் மேல்தான் மற்றவர்கள் தங்கள் பேச்சை அடுக்குவார்கள்.

அந்தப் புதன்கிழமை காலையில், லாண்டரியில் இஸ்திரி போடும் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். லாண்டரிக்குப் பின்னால் ஒரே அறை. இரண்டு பிள்ளைகள். மதியச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு வருகிறார்கள் என்று தகவல். அவளுக்கு அது பழகிய வீடு. கதவு திறந்தே இருந்தது. செருப்போடு உள்ளே போனாள்.

"வாங்க மேடம். உக்காருங்கன்னு சொல்லலாம், நாற்காலி மேல ஊரு துணி உக்காந்திருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் மூலையிலிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அரைப் பாக்கெட் பால். மூடி போட்ட கிண்ணத்தில் முந்தைய நாள் சோறு. பாதி வெங்காயம்.

"நல்லா பாத்துக்கங்க மேடம். உள்ள லைட்டு மட்டும் வாங்கினப்ப எரிஞ்ச மாதிரியே எரியுது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

அவள் சிரித்தாள். பாயை உதறினாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தங்கம் கிங்கம் கெடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க வெச்சேன்னு நானே மறந்துட்டேன்."

அதற்கும் சிரித்தாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இளையவன் தானாகவே முன்னால் வந்து வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். போன தடவை அவள் பார்த்திருந்தாள். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

"போதும்டா, மூடு. மேடம் பல் டாக்டர் இல்ல" என்றாள் அம்மா.

மதியம் போன வீடு வேறு மாதிரி.

லிஃப்டில் மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே செடித் தொட்டிகள். அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் பேராசிரியை. கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. அந்தப் பெண் குழந்தை மதிய இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் வீசியதைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துத் தின்றதை ஒரு தடவைக்கு மேல் பார்த்ததாக வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார்.

அவள் செருப்பை வாசலில் கழற்றி, ஓரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள். காலையில் கழற்றவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

"இல்லைங்க. நான்தான் உங்களுக்குச் சிரமம் குடுக்கறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். என்கிட்டப் படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் உங்க டிபார்ட்மெண்ட்ல இருக்காங்க. நீங்க எங்க படிச்சீங்க?"

சொன்னாள். அந்தக் கல்லூரியின் நூலகத்தைப் பற்றி இருவரும் பேசினார்கள். அங்கே இருந்த, யாரையும் சத்தமாக மூச்சுவிடக்கூட அனுமதிக்காத நூலகரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். சுவரை மறைத்தபடி புத்தகங்கள். மெல்லிய கோப்பைகளில் டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் வட்டமாக அடுக்கிய பிஸ்கட்.

குழந்தை வந்து நின்றாள். தலை படிய வாரியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொன்னாள். பள்ளி பிடிக்கும். கணக்கு பிடிக்கும். அம்மா தினமும் பாடம் சொல்லித்தருவார்கள். சொல்லும்போது அவள் பார்வை தட்டில் இருந்தது.

"எடுத்துக்கோடா கண்ணு."

குழந்தை அம்மாவைப் பார்த்தாள்.

"அவ இப்பதான் சாப்பிட்டா. நேரம் தவறிச் சாப்பிட்டா அவளுக்கு ஒத்துக்காது" என்றார் பேராசிரியை. "நீங்க எடுத்துக்கங்க. நல்ல பிஸ்கட்."

அவள் ஒன்றை எடுத்தாள். வெண்ணெய் வாசனை. கடித்ததும் பொடிந்தது. பேச்சு சுவாரசியமாகப் போனதில் கை தானாகப் போய் இன்னொன்றையும் எடுத்தது.

"அந்த டீச்சர் ரொம்பச் சின்னப் பொண்ணு" என்றார் பேராசிரியை, குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு. "புதுசு. மனசு நல்ல மனசுதான். கொஞ்சம் ஆர்வக்கோளாறு. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுக்கு இப்படி ஒரு விசாரணை வரும்னு அது யோசிச்சிருக்காது."

அவள் சிரித்தாள். காலையிலும் சிரித்தாள், மதியமும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

குழந்தையின் அறையை வாசலில் நின்று பார்த்தாள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதை இழுத்துப் பார்க்கவில்லை. நடையின் கோடியில் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. 'சமையலறையை ஒரு தடவை பாத்துக்கறேங்க, எல்லா வீட்டுலயும் பாக்கறதுதான்' என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ வீடுகளில், அந்த வாக்கியம்கூட இல்லாமல், நேரே நடந்து போயிருக்கிறாள்.

பேராசிரியை அந்தக் கதவருகே போய்க் கைப்பிடியில் கையை வைத்து நின்றார்.

"வேற ஏதாவது பாக்கணுமா?"

"ஐயோ, வேண்டாங்க. வீடு அவ்வளவு அழகா இருக்கு."

லிஃப்டில் இறங்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் பிற்பாடு பலமுறை எடுத்துப் பார்த்தாள், துணியில் விழுந்த கறையைத் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல. அவள் போகும் வீடுகளில் கதவைத் திறப்பவர்களின் முகம் முதலில் வெளுக்கும், பிறகு பணியும் அல்லது கடுக்கும். வருஷக்கணக்காக அந்த முகங்களையே பார்த்தவளை ஒருத்தி உட்காரவைத்து, எங்கே படித்தாய் என்று கேட்டிருந்தாள். அதிகாரி என்று பயப்படாமல், தங்களில் ஒருத்தி என்று ஏற்றுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறது. விருந்தாளி யாரும் ஃப்ரிட்ஜைத் திறப்பதில்லை.

மறுநாள் கூட்டம். தலைமை வகித்த உதவி ஆணையர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ஆள். சுகாதார நர்ஸ் ஓய்வுபெறப் போகிறவர், யாரையும் கிண்டல் செய்ய அவருக்கு அனுமதி தேவையில்லை. குழந்தைகள் பிரிவு எஸ்.ஐ. சாதாரண உடையில் வந்திருந்தார். மேஜையின் கோடியில் அந்த வகுப்பு டீச்சர், நாற்காலியின் நுனியில். இப்படி ஒரு கூட்டத்துக்கு வருவது அந்தப் பெண்ணுக்கு முதல் தடவை.

லாண்டரிப் பெண்ணின் வீடு முதலில் வந்தது. பால் எவ்வளவு, சோறு எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று அவள் சொன்னாள்.

"சார், அந்தம்மா ஃப்ரிட்ஜைவிட நம்ம ஆபீஸ் ஃப்ரிட்ஜ் மோசம்" என்றார் நர்ஸ். "அதுல இருக்கற தயிருக்கு என் சர்வீஸ்ல பாதி இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாரம் ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்ப்பது, பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது என்று முடிவானது.

அடுத்தது மூன்றாவது மாடி வீடு. டீச்சர் எழுந்து நின்று பேசத் தொடங்கினாள். உட்கார்ந்தே பேசலாம் என்று உதவி ஆணையர் சொல்ல வேண்டியிருந்தது.

"நானே பாத்தேன் சார். பாதி கடிச்ச பிரெட்டு. தொட்டியில இருந்து எடுத்து, பாவாடையில தொடச்சிட்டு... நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் முழுங்கிட்டா. மெல்லக்கூட இல்ல."

நர்ஸ் தன் பங்கைச் சொன்னார். "உயரம் ஏறியிருக்கு. எடை ஒரு வருஷமா அப்படியே நிக்குது. அம்மாகிட்டக் கேட்டா எங்க பரம்பரையே ஒல்லிங்கறாங்க. அவங்களும் ஒல்லிதான். அதை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்டுல சாப்பாடு எப்படின்னு தெரிஞ்சாத்தான்."

எஸ்.ஐ. தங்களிடம் புகார் எதுவும் இல்லை என்றார். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"வீட்டுல?" என்றார் உதவி ஆணையர்.

"பாத்தேன் சார்."

"சமையலறை?"

"எல்லாம் பாத்தேன். குறை ஒண்ணும் இல்ல."

பொய் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கு அதற்கு ஒரு கணம் முன்புவரை தெரியாது. எப்போதும் சொல்கிற வாக்கியம், எப்போதும் வருகிற குரலில் வந்தது. வந்த பிறகு மேஜையின் மேல் கிடந்தது. யாரும் அதைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. உதவி ஆணையர் டீச்சர் பக்கம் திரும்பி மென்மையாகத்தான் சொன்னார்.

"சின்னப் பசங்க குப்பைத்தொட்டியில கைவிட்டா பசின்னுதான் அர்த்தம்னு இல்லம்மா. விளையாட்டா இருக்கும். பள்ளிக்கூடத்துலயே ஒரு கண்ணு வெச்சிருங்க. வீட்டுப் பக்கம் இதை முடிச்சுடலாம். டீ குடிச்சிட்டு மத்தது பாப்போம்."

கை கழுவும் இடத்தில் டீச்சர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்ததைக் கண்டதும் துப்பட்டாவால் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க நேர்ல போய்ப் பாத்தது நல்லதாப் போச்சு. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"பரவால்லம்மா."

"அவங்க அம்மா ஸ்கூலுக்கு வந்திருந்தாங்க. சத்தமே போடல. அமைதியாப் பேசினாங்க. என் முகத்துலதான் ரத்தமே இல்ல. ஹெச்.எம். என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காங்க. கேட்டுடறேன். அதுல ஒண்ணும் இல்ல." குழாயை மூடிவிட்டு, மறுபடி திறந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். ஃப்ரிட்ஜ்ல என்னல்லாம் இருந்துச்சு?"

"ஏன்?"

"சும்மா. கேட்டா நிம்மதியா இருக்கும். நான் சாப்பிட உக்காந்தா அந்தப் பொண்ணு முழுங்கினதுதான் கண்ணுக்குள்ள வருது. இது இது இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னா, சரி, அவ வீட்டுல இதெல்லாம் இருக்குன்னு நெனச்சுக்குவேன்."

அவள் சொன்னாள். பால் இருந்தது. முட்டை இருந்தது. கீழ்த்தட்டில் ஆப்பிளும், வாடாத கேரட்டும். கதவுப் பக்கத்தில் ஜாம். சொல்லச் சொல்ல டீச்சரின் தோள் தளர்ந்து இறங்கியது.

"ஜாம் என்ன ஜாம் மேடம்?"

"ஆரஞ்சு."

"அவளுக்குப் பிடிக்கும்போல" என்று டீச்சர் சிரித்துவிட்டு வெளியே போனாள்.

அது அவளுடைய வீட்டு ஃப்ரிட்ஜ். காலையில் கிளம்பும்போது திறந்து மூடிய அதே தட்டுகள். ஆரஞ்சு ஜாம் அவள் கணவர் வாங்கிவந்தது, மூடி சரியாக மூடாமல் ஒட்டும். அதை எடுத்து ஒரு குழந்தையின் முன்னால் வைத்துவிட்டாள், வாயாலே. அந்தக் குழந்தையோ நேற்று அவள் மென்றதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. குழாயை இறுக மூடினாள். இப்போது உள்ளே போய்ச் சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்பதுதான் அவளை உலுக்கியது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தச் சின்னப் பெண் மன்னிப்புக் கேட்பாள், அந்தக் கதவு சாத்தியே இருக்கும், கதவுக்குப் பின்னால் என்ன இருந்தாலும் அது அவள் சொன்ன பாலும் முட்டையுமாகவே ஊருக்குள் இருந்துவிடும்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். உதவி ஆணையர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், நெத்தியில இருக்கு" என்றார் நர்ஸ்.

"சார், ஒரு விஷயம்" என்றாள் அவள். உட்காரவில்லை. "அந்த மூணாவது மாடி வீட்டுல நான் சமையலறையப் பாக்கல. கதவு சாத்தியிருந்துச்சு. நான் திறக்கச் சொல்லல. ஃப்ரிட்ஜும் பாக்கல, படுக்கையும் பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்."

உதவி ஆணையர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"ஏன் பாக்கல?" என்றார்.

"கூச்சமா இருந்துச்சு."

"என்னது?"

"கூச்சம் சார். அவங்க டீ குடுத்தாங்க. நல்லாப் பேசினாங்க. அவங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். குற்றம் சாட்டும் குரலாக இல்லை, விசாரித்துப் பழகிய குரலில் கேட்டார். "லாண்டரிக்காரம்மா வீட்டுல வாய் வந்துச்சா?"

"அங்க கேக்கவே இல்ல. நானாத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துட்டு நின்னாங்க."

அதைச் சொன்னபோதுதான் உண்மையில் முகம் எரிந்தது. பொய்யை ஒப்புக்கொண்டபோதுகூட அவ்வளவு எரியவில்லை. பொய் இன்றைக்கு நடந்தது. இது எத்தனை வருஷமாக நடந்திருக்கிறது, எத்தனை வீடுகளில். டீச்சரை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் ஆரஞ்சு ஜாமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து மேஜையின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள், தப்பு செய்தது தான் என்பதைப் போல.

உதவி ஆணையர் நீளமாக மூச்சுவிட்டார். "இதுக்கு உங்க மேல எழுத்துல வரும். அது தனி. இன்னைக்கே ரெண்டு பேராப் போங்க. சொல்லிட்டுப் போகாதீங்க."

"நான் போறேன் கூட" என்று நர்ஸ் எழுந்தார். "எனக்குக் கூச்சம்லாம் ரிடையர் ஆகி நாளாச்சு."

எஸ்.ஐ. ஜீப்பைக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்தினார். "நான் மேல வந்தா அக்கம்பக்கம் வேடிக்கை பாக்கும். கூப்பிட்டா வரேன்."

கதவைத் திறந்த பேராசிரியை இருவரையும் பார்த்தார். நர்ஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "சமையலறையப் பாக்கணும்மா."

பேராசிரியை மறுக்கவில்லை. நர்ஸைத் தாண்டி அவளைத்தான் பார்த்தார். "நேத்தே கேப்பீங்கன்னு நெனச்சேன்."

சமையலறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அலமாரிக் கதவுகளில் சின்னச் சின்னப் பித்தளைப் பூட்டுகள். ஃப்ரிட்ஜின் கைப்பிடியைச் சுற்றி, சைக்கிளுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலி. சாவிக்கொத்து பேராசிரியையின் இடுப்பில் இருந்தது. நேற்றும் இருந்திருக்க வேண்டும். வீட்டுச் சாவி என்று அவள் நினைத்திருப்பாள்.

"திறக்கலாங்களா?" என்று அவள் கேட்டாள்.

சங்கிலி கழன்று கீழே விழுந்தது. உள்ளே நிறைய இருந்தது. பால், முட்டை, பழங்கள், வெண்ணெய், பாதி வெட்டிய கேக். ஒரு தட்டில்கூட விரல் வைக்க இடம் இல்லை. எரிந்த விளக்கு பொருள்களுக்குப் பின்னால் மறைந்துகிடந்தது. லாண்டரிப் பெண் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

"பட்டினி போடல" என்றார் பேராசிரியை. "அளவா குடுக்கறேன். விட்டா அவ நிறுத்தவே மாட்டா. ஒரு பாக்கெட் பிரெட்டை ஒரே மூச்சுல... நானும் சின்ன வயசுல அப்படித்தான் இருந்தேன். குண்டு குண்டுன்னு கூப்பிட்டாங்க. என் பேர் எனக்கே மறந்துபோச்சு. அவளை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னுதான்." பிறகு அவர் குரல் இறங்கியது. "முதல்ல அலமாரியை மட்டும்தான் பூட்டினேன். அப்புறம் இது. அப்புறம் மார்க் வாங்கினாத்தான்னு ஆயிடுச்சு. எங்க நிறுத்தறதுன்னு தெரியல. நேத்து இந்தக் கதவுகிட்ட வந்து நின்னேன். திறந்துடுவீங்கன்னு பயமாவும் இருந்துச்சு, திறந்துடுங்கன்னும் இருந்துச்சு. நீங்க ஐயோ வேண்டாங்கன்னுட்டீங்க."

குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நேற்றுச் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

நர்ஸ் கிண்டல் எதுவும் செய்யவில்லை. பேராசிரியையை நாற்காலியில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். இதே ஊரில் சொந்தக்காரர் யார் என்று கேட்டு, பேராசிரியையின் அக்காவுக்குப் போன் போட்டுப் பேசினார். டாக்டர் பார்க்கும்வரை குழந்தை பெரியம்மா வீட்டில் இருக்கட்டும், நீங்களும் ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டும், அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். பேராசிரியை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேஜையில் வைத்தார்.

ஜீப்பில் எஸ்.ஐ. ஓட்ட, நர்ஸ் முன்னால் உட்கார்ந்தார். பின்சீட்டில் அவளும் குழந்தையும். கிளம்பும்போது நர்ஸ் தன் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்திருந்தார். குழந்தை அதை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி."

"சொல்லுடா."

"நேத்து சாப்பிட்டீங்கல்ல, அந்த பிஸ்கட். நல்லா இருந்துச்சா?"

கேலி இல்லை, குறை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எஸ்.ஐ.யின் கண்கள் கண்ணாடியில் ஒருமுறை வந்து போயின.

"நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் குழந்தை. "உடையற சத்தம் நல்லா இருந்துச்சு."

சிக்னலில் ஜீப் நின்றது. வலதுபுறம் லாண்டரி. ஆவிக்கு நடுவில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் ஜீப்பைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"என்ன மேடம், இன்னைக்குமா?"

"இல்லைங்க. வேற வேலையாப் போறோம்."

"இல்ல, பாக்கணும்னா போய்ப் பாத்துக்கங்க. கதவு தாழ் போடல. பையன் இருக்கான், திறந்து காட்டுவான்." பிறகு சிரித்தாள். "நேத்து பாத்த வெங்காயம் காலியாயிடுச்சு, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. நடுச்சாலையில், ஜீப்புக்குள்ளிருந்து, கடைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் கேட்டால் அதுவும் இன்னொரு திறந்து பார்ப்பதுதான். "அடுத்த தடவை வரும்போது வெளியில இருந்து கூப்பிடறேங்க" என்று மட்டும் சொன்னாள். "நீங்க வாங்கன்னு சொன்னா வரேன்."

"இதென்ன மேடம் புதுசா" என்றாள் லாண்டரிப் பெண். அவள் முகத்தில் இருந்தது சந்தேகம். இது எதற்கு அடிபோடுகிறது என்ற சந்தேகம். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

குழந்தை இன்னும் பன்னைக் கடிக்கவில்லை. திரும்பியபோதெல்லாம் அந்தக் கண்கள் அவள் முகத்தில்தான் இருந்தன. சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அதையும் அந்தக் குழந்தை ஒரு அனுமதியாகத்தான் வாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது நடக்கப்போவதில்லை.

அவள் ஜன்னல் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டாள். லாண்டரி பின்னால் போனது, கடைகள் போயின, சுவர்கள் போயின. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது. பிறகு மெல்லும் சத்தம், முதலில் அவசரமாக, பிறகு கொஞ்சம் நிதானமாக.

பெரியம்மா வீடு வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.